பன்னிரண்டோடு நின்ற பலகை

அச்சு எடுப்பதற்காகச் செதுக்கிய மரப்பலகையை, வேண்டிய பிரதிகள் எடுத்து முடித்ததும், செதுக்கியவரே உளியால் குறுக்கே கீறிவிடுவது ஓவிய உலகில் ஒரு வழக்கம். இனிமேல் இதிலிருந்து முழுசான அச்சு வராது என்பதற்கு அந்தக் கீறல்தான் சாட்சி. இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆனால் கீறிய பலகையை நேருக்கு நேர் பார்த்தது போன மாதம்தான். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் வீதியை ஒட்டிய ஒரு சின்ன காலரியில், அச்சோவியங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே பார்த்த அந்தப் பலகை இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. கீறியவர் நல்ல கலைஞர். கீறியதற்கு அவர் சொன்ன காரணங்களும் நியாயமானவை. இருந்தும் அந்தக் கீறல் விழுந்திருக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது. எதனால் அப்படித் தோன்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கண்காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய பிரெஞ்சு வீடு ஒன்றின் கீழ்த்தளம். இரண்டு அறை, நடுவில் முற்றம். ஆறேழு பேருடைய படைப்புகள் இருந்தன. எல்லாரும் முப்பதை ஒட்டிய வயதுக்காரர்கள், பெரும்பாலும் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள். இந்த மாதிரிக் கண்காட்சிகளில் பொதுவாகச் சட்டம் போட்ட தாள்கள் மட்டும்தான் சுவரில் தொங்கும். இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்தப் படம் எதிலிருந்து வந்ததோ அந்தப் பலகையையோ தகட்டையோ லினோத் துண்டையோ (லினோ என்பது உளியால் எளிதாக வெட்ட வரும் மெத்தென்ற தரைவிரிப்புத் தகடு) ஒரு மேடையில் வைத்திருந்தார்கள். படத்தில் வலப்பக்கம் நிற்கும் தென்னை பலகையில் இடப்பக்கம் நிற்கும். படத்தில் கறுப்பாக இருப்பது பலகையில் மேடு, வெள்ளையாக இருப்பது பள்ளம். குழந்தைகளோடு வந்தவர்கள் படத்துக்கும் பலகைக்கும் மாறி மாறி விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து மாணவர்கள் சிலர் முற்றத்துத் திண்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவர் ஜூஸ் வரும் டெட்ரா பேக்கைப் பிரித்து விரித்து, அதன் வெள்ளிப் பரப்பில் ஊசியால் கீறிப் படம் செய்திருந்தார். டிரைபாயிண்ட் என்கிற முறை. செம்புத் தகட்டில் செய்தால், ஊசி உழுத கோட்டின் ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். மை அந்தப் பிசிறில் தங்குவதால்தான் கோட்டுக்கு ஒரு மென்மையான நிழல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை பிரஸ்ஸில் அழுத்தும்போதும் பிசிறு நசுங்கிக்கொண்டே வரும். செம்பிலேயே பத்து இருபது அச்சுக்குள் அந்த நிழல் போய்விடும். டெட்ரா பேக் அட்டைக்கும் ஆயுசு குறைவுதான். இன்னொருவர் குபேர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாக்களை ஐந்து நிறத்தில் லினோவாகச் செய்திருந்தார். ஐந்து நிறத்துக்கும் ஒரே ஒரு லினோத் துண்டு. முதலில் மஞ்சள் அடிப்பார்கள். மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே தாள்களின் மேல் அடுத்த நிறம். இப்படி வெட்டி வெட்டிக் கடைசி நிறத்துக்கு வரும்போது லினோவில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். முதல் நிறத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. பிகாசோ 1950களின் கடைசியில் இந்த முறையில் நிறைய லினோ செய்திருக்கிறார். மேடையில் இருந்த துண்டில் ஒரு புடவைக் கரையும், இரண்டு கூடை விளிம்பும், ஒரு கத்தியும் மட்டும் மிஞ்சியிருந்தன.

இந்த இரண்டிலும் பிரதிகள் குறைவாக இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பிசிறு நசுங்குவதும் லினோ கரைவதும் அந்தந்தப் பொருளின் குணம். பொருள் ஓய்ந்தால் அச்சும் ஓயும். என் பிரச்சினை இரண்டாவது அறையில்தான் ஆரம்பித்தது.

தானே சாய்த்த மரம்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் கண்காட்சியில் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண் கலைஞரின் மரச்செதுக்கு இருந்தது. புயலின்போது அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வீட்டுக் கொல்லையில் நின்ற பலா அன்றைக்குச் சாய்ந்திருக்கிறது. அப்பா அதை அறுத்துப் பலகையாக்கிப் பரணில் போட்டு வைத்தாராம். பலாப் பலகைக்கு எப்போதுமே மதிப்பு உண்டு, தஞ்சாவூர் வீணைக்கு நம் பண்ருட்டிப் பலாதான் போகிறது. அந்தப் பரண் பலகைகளில் ஒன்றை எடுத்து, பல வருடம் கழித்து, மகள் அதிலேயே அந்த விடிகாலையைச் செதுக்கியிருக்கிறார்.

படம் இரண்டரை அடி அகலம் இருக்கும். கீழ்ப் பாதி முழுக்கச் சாய்ந்த மரங்கள். முந்திரி, பலா, ஓரத்தில் ஒரு மின்கம்பம். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த மண், கொத்துக் கொத்தாகப் பிஞ்சோடு கிடக்கும் கிளை, ஒரு வீட்டின் ஓடில்லாத கூரைச் சட்டம். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன உளிக் கொத்தில் எழுந்து நிற்கிறது. மேல் பாதியில் வானம். அங்கே அவர் உளியே வைக்கவில்லை. கம்பி பிரஷ்ஷால் மரத்தைத் தேய்த்து, மெத்தென்ற பாகம் தேய்ந்து, ரேகைகள் மட்டும் எழும்பி நிற்கும்படி விட்டிருக்கிறார். மை பூசி எடுத்தபோது அந்த ரேகைகள் வானம் முழுக்க வளைந்து வளைந்து ஓடும் கோடுகளாக விழுந்திருக்கின்றன. காற்று. அந்த மரத்தைச் சாய்த்த காற்று அந்த மரத்தின் ரேகையிலேயே தெரிகிறது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். தானேயைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த போட்டோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் புயல் போன பிறகு எடுத்தவை, விழுந்து கிடக்கும் மரங்கள். காற்றை முதல் தடவையாக இந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

படத்தின் அடியில் பென்சிலால் 7/12 என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு பிரதிகளில் ஏழாவது. காகிதம் நம் ஊர்க் காகிதம்தான். அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-லிருந்து நடத்தும் கைத்தாள் தொழிற்சாலையில், பழைய பருத்தித் துணியைக் கூழாக்கிச் செய்வது. விலை எட்டாயிரம் ரூபாய். கீழே மேடையைப் பார்த்தேன். பலகை கிடந்தது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரைக்கும், மறுபக்கம் அதே மாதிரியும், பெருக்கல் குறி போல ஆழமாக இரண்டு வெட்டு. வானத்து ரேகைகளை அறுத்துக்கொண்டு, முந்திரி மரத்தின் நடுவே போய், மின்கம்பத்தை இரண்டாக்கியிருந்தது. பக்கத்தில், வெட்டிய பிறகு அதே பலகையில் எடுத்த ஒரே ஒரு அச்சும் சுவரில் இருந்தது. எண் கிடையாது, விற்பனைக்கும் கிடையாது. பலகை முடிந்தது என்று காட்டுவதற்காக எடுப்பது. பன்னிரண்டு நல்ல பிரதிகளில் ஒன்றைத்தான் நான் பார்த்தேன், ஆனால் வெள்ளையாக இரண்டு கோடு பாய்ந்த இந்த அச்சை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். பாதிப் பேர் போனில் படம் எடுத்ததும் இதைத்தான்.

லாரன்ஸ் ரோட்டு அச்சகம்

என் அப்பா கடலூர் திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நினைவஞ்சலி நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ், அவ்வளவுதான். டிரெடில் என்கிற சின்ன அச்சு மெஷின் ஒன்று, எழுத்துக் கேஸ்கள், எழுத்துக் கோக்கும் கம்பாசிங் ஸ்டிக்கோடு நிற்கும் இரண்டு பேர். எழுத்துக்கு ஈயம், படத்துக்கு ஜிங்க் பிளாக். துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் படத்தை மேடாக்கி, மரக்கட்டையில் ஆணி அடித்து வருவதுதான் பிளாக். பிள்ளையார், நாதஸ்வரம்–தவில், வாழைமரம், கும்பிடும் கைகள் என்று ஒரு இழுப்பறை நிறைய இருந்தது. காலரியில் எட்சிங் செய்தவர் நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகத்தை அரிக்கும் விதத்தை விளக்கியபோது, எனக்கு முன்பே தெரிந்த யாரையோ பற்றி அவர் பேசுகிற மாதிரி இருந்தது. என்ன, அங்கே மேட்டில் மை பிடிக்கும், இங்கே பள்ளத்தில் மை பிடிக்கும்.

அந்தப் பிள்ளையார் பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா அச்சகம் தொடங்கும்போது வாங்கியது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து மெஷினுக்குத் தாள் எடுத்துக் கொடுக்கும் காலத்திலேயே அதன் தும்பிக்கை நுனி தேய்ந்திருந்தது. அப்பா அதை மாற்றவில்லை. தேய்ந்த இடத்துக்குச் சரியாக அடிக்கட்டையின் கீழே மெல்லிய காகிதத் துண்டு ஒட்டி, ஒரு மயிரிழை உயர்த்தி, மறுபடி ஓட்டுவார். இன்னும் தேய்ந்தால் இன்னொரு துண்டு. கடலூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று எத்தனை வீட்டுக் கல்யாணங்களுக்கு அந்த ஒரே பிள்ளையார் முன்னால் போய் நின்றிருப்பார்! ஒரு பிளாக்கின் பெருமை அது இன்னும் அச்சுக் கொடுக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த மெஷின் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் அது தானாகத் தெரியும். ஆஃப்செட் வந்து, டிரெடிலை எடைக்குப் போட்ட நாளில்கூட அப்பா பிளாக் இழுப்பறையைக் கொடுக்கவில்லை. நல்ல நிலையில் இருக்கும் பலகையில் உளி பாய்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதனால்தான்.

அவர் சொன்ன காரணங்கள்

கலைஞர் அங்கேயே இருந்தார். கேட்டுவிட்டேன். "ஏம்மா, மனசு வந்துதா?" அவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் புதிது இல்லை போல.

"பன்னிரண்டுதான்னு சொல்லித்தான் சார் முதல் பிரதியைக் கொடுத்தேன். பலகை நல்லா இருந்தா, நாளைக்கு நான் பதிமூணாவது எடுக்க மாட்டேன்னு வாங்கினவங்க எப்படி நம்புவாங்க? சென்னையில ஒருத்தர் நேராவே கேட்டார், பலகையை என்ன பண்ணப் போறீங்கன்னு."

இது முதல் காரணம். இரண்டாவது உழைப்பு. அவரிடம் பிரஸ் கிடையாது. மை பூசிய பலகை மேல் காகிதத்தைப் போட்டு, கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்துத்தான் எடுக்கிறார். ஒரு பிரதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். வானத்துப் பக்கம் அழுத்தம் கொஞ்சம் கூடினால் ரேகை அடைத்துக்கொள்ளும், குறைந்தால் வெளிறிவிடும். "தோள்பட்டை போயிடுது சார்" என்றார். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார், கொஞ்சம் தயங்கி: "எனக்கே நிறுத்தணும்னு இருந்துச்சு. இல்லன்னா வருஷம் பூரா அந்த மரத்தையே அடிச்சுக்கிட்டு இருப்பேன். அடுத்ததுக்குப் போகவே முடியாது."

கடைசிக் காரணத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விழுந்த மரத்தை வருடக்கணக்காகக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். எப்போது போதும் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதுதான். ஆனால் முதல் இரண்டு காரணங்களும் அவருடைய சொந்தக் காரணங்கள் இல்லை. அவை அச்சோவியம் விற்கும் முறையிலிருந்து வந்தவை. அந்த முறையோடுதான் என் வழக்கு.

பென்சிலில் கையெழுத்துப் போடுவதும், இத்தனைக்கு இத்தனை என்று எண் எழுதுவதும், முடிந்ததும் தகட்டைக் கெடுப்பதும் அச்சோவியத்தோடு கூடவே பிறந்த பழக்கங்கள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இவை பரவலாகின. விஸ்லர் போன்ற ஓவியர்கள் அப்போதுதான் தங்கள் எட்சிங்குகளில் பென்சிலால் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். காரணம் புரியக்கூடியதுதான். போட்டோ வழியாகப் படங்களை மலிவாக, மூட்டை மூட்டையாக அச்சிடும் வசதி வந்துவிட்டது. கையால் எடுத்த அச்சு அதிலிருந்து வேறு என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. அருமை என்பது எண்ணிக்கையைச் சுருக்குவதில் வந்து நின்றது. அதற்கு முன்னால் அப்படி இல்லை. 1831 வாக்கில் வந்த ஹொகுசாயின் ‘பேரலை’ மரச்செதுக்குப் படத்தை ஜப்பானியப் பதிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள். ஒரு வேளை நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் வாங்கிவிடலாம். பலகை தேய்ந்து, கோடு உடைந்து போன பிறகும் அச்சடித்தார்கள். உலகத்தில் எந்த மூலையிலும் அந்த அலை தெரியும் என்றால், அதை யாரும் பன்னிரண்டோடு நிறுத்தவில்லை என்பதும் ஒரு காரணம்.

கீறாமல் விட்ட தகடுகள்

ஸ்பெயின் ஓவியர் கோயாவை நினைத்துக்கொள்கிறேன். நெப்போலியனின் படை ஸ்பெயினில் செய்ததையும், பதிலுக்கு ஸ்பெயின்காரர்கள் செய்ததையும், பஞ்சத்தையும் அவர் 1810-லிருந்து பத்து வருடம் செம்புத் தகடுகளில் பதிந்துகொண்டிருந்தார். உயிரோடு இருந்தவரை அதை வெளியிடவில்லை, சில சோதனை அச்சுகள் மட்டும் எடுத்துப் பார்த்தார். 1828-ல் இறந்துபோனார். 1863-ல்தான், முப்பத்தைந்து வருடம் கழித்து, 80 படங்களாக அந்தத் தொகுப்பு வெளிவந்தது. சோதனை அச்சு எடுத்து முடித்ததும், எதற்கு வம்பு என்று கோயா அந்தத் தகடுகளில் கோடு கிழித்திருந்தால், போரைப் பற்றி மனிதன் வரைந்தவற்றிலேயே கொடூரமான, உண்மையான அந்தப் படங்கள் நமக்கு வந்தே சேர்ந்திருக்காது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் தகடுகளும் அப்படித்தான். அவர் 1669-ல் இறந்த பிறகு கை மாறிக் கை மாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவற்றிலிருந்து அச்சு எடுத்தார்கள். தேய்ந்த கோட்டை யார் யாரோ மறுபடி கீறிச் சரிசெய்தார்கள். கடைசிக் காலத்து அச்சுகளில் அவருடைய இருட்டு இருட்டாக இல்லை, சாம்பலாக வெளிறிக் கிடக்கிறது. இதை அந்தக் கலைஞனுக்குச் செய்த அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி சரி. அவருடைய கண்ணும் கையும் இல்லாமல் எடுத்த அச்சை அவருடைய அச்சு என்று விற்பது தப்புதான். ஆனால் அதற்கு மருந்து, இது எப்போது யார் எடுத்தது என்று தாளிலேயே எழுதி வைப்பது. தகட்டைக் கொல்வதில் என்ன தீர்ந்துவிடும்? பிரெஞ்சு ஓவியர் டெகாவின் தகடுகள் கோடு கிழித்தே வைக்கப்பட்டிருந்தன. 1917-ல் அவர் இறந்த பிறகு, அந்தக் கோடுகளோடு சேர்த்தே அச்சு எடுத்து வெளியிட்டார்கள். காலரியில் எல்லாரும் போனில் எடுத்துக்கொண்ட அந்தக் குறுக்குக் கோடு அச்சும் இதையேதான் சொல்கிறது. மை பூசினால் பலகை அச்சுக் கொடுக்கும். கீறலையும் சேர்த்துக் கொடுக்கும்.

நம் பக்கத்துக் கதை இன்னும் கூர்மையானது. 1943 பஞ்சத்தில் வங்காளத்தில் நடந்து திரிந்து, பார்த்ததை வரைந்து ஓவியர் சித்தப்பிரசாத் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. ஒரு பிரதி அவருடைய குடும்பத்தாரிடம் தப்பிக் கிடந்தது, அதனால்தான் இன்று அதை நாம் பார்க்கிறோம். ஒரே ஒரு ஓவியமாக இருந்திருந்தால் ஒரே ஒரு தீக்குச்சி போதும். நிறைய இருந்ததால் ஒன்று தப்பியது. அச்சின் பலமே இதுதானே? சித்தப்பிரசாத் அதற்குப் பிறகு லினோவிலும் மரத்திலும் செய்தவை பணக்காரர் வீட்டுச் சுவருக்காகச் செய்தவை இல்லை. நந்தலால் போஸ் 1930-ல் காந்தி கோலூன்றி நடக்கும் லினோவைச் செய்ததும் பலர் கைக்குப் போகத்தான். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் லித்தோ என்கிற கல்லச்சு அச்சகம் தொடங்கியதால்தான் அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் நம் பாட்டி வீட்டுப் பூஜை அறைக்கு வந்தார்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்தது சிவகாசியில் அச்சாகி, காலண்டராக எந்தக் குடிசையில் தொங்கவில்லை? கலை வீட்டுக்குள் வரும் வாசலாக இந்த நாட்டில் அச்சுதான் இருந்திருக்கிறது.

புதுச்சேரியில் நின்றுகொண்டு இதையெல்லாம் யோசிக்கும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து, கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் இங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த அச்சுப்பொறியை உடைக்கவில்லை. சென்னைக்கு எடுத்துப் போய் வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். வேப்பேரி அச்சகத்திலிருந்து 1779-ல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. அந்த அளவு வெறியோடு ஊரை இடித்தவர்களுக்கே, அச்சடிக்கும் ஒரு சாமானை உடைக்கக் கை வரவில்லை.

பலகைக்கு ஒரு வேண்டுகோள்

எட்டாயிரம் ரூபாய் அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தோள் வலிக்கத் தேய்த்தெடுத்த அச்சு, அதற்கு முன்னால் மாதக்கணக்கில் செதுக்கியது, நல்ல காகிதம், சட்டம், காலரியின் பங்கு. பார்க்கப் போனால் குறைவு. கலைஞர்கள் சாப்பிட வேண்டும். வாங்குகிறவரிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டாகவே இருக்கட்டும். கைத்தாளில், அவரே தேய்த்து, பென்சிலில் எண் போட்டது அவை மட்டும்தான். பதிமூன்றாவது என்று ஒன்று அந்தத் தாளில், அந்தக் கையெழுத்தோடு ஒருநாளும் வரக் கூடாது.

ஆனால் அதே பலகையிலிருந்து, சாதாரண வெள்ளைத் தாளில், கையெழுத்தும் எண்ணும் இல்லாமல், ஓரத்தில் வேறு பதிப்பு என்று முத்திரை குத்தி, ஐம்பது ரூபாய்க்கோ நூறு ரூபாய்க்கோ ஒரு அச்சு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எட்டாயிரம் கொடுத்து வாங்கியவர் வீட்டில் இருப்பது அப்படியே இருக்கிறது. பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் இருக்கும் அரசுப் பள்ளிச் சுவர்களில் அந்தக் காற்று தொங்கும். இன்றைக்கு அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தானேக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் ஊர்த் தோப்பு ஏன் இத்தனை இளசாக இருக்கிறது என்று அவர்களுக்கு யார் காட்டுவது? சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வரவேற்பறையில் இருக்கும் 7/12 காட்டப் போவதில்லை. அந்தப் படம் யாருடைய கொல்லையைப் பற்றியதோ, அவர்களில் ஒருவர்கூட அதை வாங்க முடியாது என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதை அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மலிவாப் போட்டா, அதை ஃபிரேம் போட்டு ஒரிஜினல்னு விக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டார். அந்தப் பயம் பொய் இல்லை. அதற்காகத்தான் தாளும் அளவும் வேறாக இருக்க வேண்டும், முத்திரை படத்துக்குள்ளேயே விழ வேண்டும் என்றேன். கூடவே இன்னொரு சந்தேகமும் கேட்டார்: "அதை யார் எடுக்கிறது? என் தோளால முடியாது." நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் என்னிடம் உறுதியான பதில் இருந்தது.

அப்பாவின் டிரெடில் போய்விட்டாலும், கடலூர் ஓல்டு டவுனில் அவருடைய சிநேகிதர் ஒருவரின் அச்சகத்தில் ஒன்று இன்னும் ஓடுகிறது. பில் புக்குக்கு நம்பரிங் போடவும், பெர்ஃபரேஷன் அடிக்கவும், அட்டைக்கு மடிப்புக் கோடு போடவும் இன்றைக்கும் அது வேண்டியிருக்கிறது. அதில் மரப்பலகையை ஏற்றி ஓட்டலாம். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். பலகையும் அடிக்கட்டையும் சேர்ந்து அந்த உயரத்துக்கு வந்துவிட்டால் ரோலர் தானாக மை பூசிவிடும். ரேகை அடைத்துக்கொள்ளாமல் மையை எவ்வளவு இறுக்கமாக வைப்பது, தேய்ந்த பக்கத்துக்கு அடியில் எத்தனை தாள் ஒட்டுவது என்பதெல்லாம் அந்தப் பெரியவருக்குக் கை வந்த விஷயம். கரண்டியில் ஒரு அச்சு எடுக்கும் நேரத்தில் அங்கே சில நூறு எடுத்துவிடலாம்.

சரி, தானேப் பலகை போனது போனதுதான். அது இரண்டரை அடி, எப்படியும் மெஷினுக்குள் நுழையாது. பரணில் இன்னும் பலகைகள் இருக்கின்றனவாம், அடுத்ததற்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டேன் என்றார். அவர் வீட்டு முகவரியை வாங்கிக்கொண்டு, அந்த மெஷினின் சட்ட அளவைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்: அகலம் பதினைந்து அங்குலம், உயரம் பத்து, கனம் முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மீதியை அடிக்கட்டையில் பார்த்துக்கொள்ளலாம். கைத்தாளில் எத்தனை எடுப்பது என்பது அவர் இஷ்டம். உளியால் கீறுவதற்கு முன்னால் ஒரு போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.